பல குழுக்கள், ஒரே தயாரிப்பு: பெறுபவர் முதலில் பேசட்டும்

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாசில் பெரிய தயாரிப்புத் திட்டங்களை ஒருங்கிணைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வன்பொருள், மென்பொருள், சோதனை, கொள்முதல் முதலிய 6 குழுக்கள் இருந்தால், இரண்டிரண்டு குழுக்களாகக் கணக்கிட்டால் அவற்றுக்கிடையே 15 தொடர்பு வழிகள். 10 குழுக்கள் ஆனால் 45. எல்லாரையும் உட்காரவைத்து "எங்கள் பகுதி 80 விழுக்காடு முடிந்தது" என்று வரிசையாகச் சொல்லவைப்பதால் பயனில்லை. தாமதம் பெரும்பாலும் ஒரு குழு இன்னொன்றிடம் வேலையை ஒப்படைக்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

ஆகவே ஒப்படைப்புகளை மட்டும் ஒரே பொதுப் பட்டியலில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் கொடுப்பவர், பெறுபவர், தேதி. குழுவின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும். எந்த நிலையில் வந்தால் ஏற்றுக்கொள்வேன் என்பதைப் பெறுபவரே எழுத வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "மென்பொருள் தயார்" என்பது கொடுப்பவரின் கணக்கு. "சர்க்யூட் போர்டில் ஏற்றியதும் சென்சாரின் அளவு திரையில் தெரிய வேண்டும்" என்பது சோதனைக் குழுவின் தேவை. இரண்டுக்கும் இடையில் வாரக்கணக்கில் வேலை ஒளிந்திருக்கும்.

வாரக் கூட்டத்தில் பெறுபவரே முதலில் கேட்கட்டும்: "அடுத்த 2 வாரங்களில் எனக்கு வர வேண்டியது வருமா?" கொடுப்பவர் தயங்கினால் அங்கேயே தேதியைத் திருத்துங்கள். அவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை உண்மை வராது.

தேதி குறிக்கும்போது சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றைப் பாருங்கள். பினாங்கில் தைப்பூசமும் விடுமுறை. ஜெர்மனியிலும் ஒரு குழு இருந்தால் கூட்டத்தை நம் மாலை 4 மணிக்கு வையுங்கள். அங்கே கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9.