பழைய அரத்தில் ஒரு சிறு கத்தி

சொட்டுநீர்க் குழாயை அறுக்கவும், மஞ்சள் மூட்டையின் தையலைப் பிரிக்கவும், பறித்த கொய்யாவை நறுக்கவும் அரிவாள் வேண்டியதில்லை. மடக்குக் கத்தியில் தோட்டத்து மண் புகுந்தால் மூட்டு இறுகிவிடும். இடுப்பு உறையில் கிடக்கும் மடங்காத சின்னக் கத்திதான் தோது. அலகு 7 செ.மீ., பிடி 10 செ.மீ. போதும். 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகு ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வரக்கூடும். இது அதன் பக்கமே போகாது. அதற்காகத் தேர்க்கூட்டத்துக்குள் செருகிக்கொண்டு போக வேண்டாம்.

எஃகு

முதல் கத்தி செய்வதென்றாலே லாரியின் வில் பட்டையைத் தேடுகிறார்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் அதற்குப் பஞ்சமில்லை, எஃகும் நல்லதுதான். ஆனால் கனம் 10 மி.மீ.க்கு மேல்கூட இருக்கும். அதை 3 மி.மீ. ஆக்குவது கையால் ராவி முடிகிற காரியமில்லை. பாதியில் சலித்து அப்படியே பிடி போட்டால், அந்தக் கத்தி கொய்யாவை நறுக்காது, பிளக்கும்.

தேய்ந்துபோன 8 அங்குலத் தட்டை அரம் வாங்குங்கள். லேத் பட்டறையில் கேட்டாலே கிடைக்கும். அகலம் 20 மி.மீ. அளவில் இருப்பதால் கத்தியின் அகலம் தானாகவே அமைந்துவிடும். சில மலிவு அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினம். வைஸில் பிடித்து, துணி சுற்றி, நுனியைச் சுத்தியலால் தட்டி ஒடித்துப் பாருங்கள். ஒடிந்த முகம் முழுக்க ஒரே சீரான பொடிச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். இங்கிருந்தே கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இளக்குவதும் ராவுவதும்

அரத்தை அரத்தால் ராவ முடியாது. முதலில் இளக வேண்டும். கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் அடுப்புச் சாம்பலுக்குள் ஆழப் புதைத்து, மறுநாள் எடுங்கள்.

அட்டையில் வடிவம் வெட்டி, எஃகின் மேல் வைத்துக் கோடு போட்டு, ஆக்ஸா பிளேடால் அறுத்து, பல் தடம் போகும்வரை இருபுறமும் ராவி 3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அலகும் பிடியும் சேரும் மூலையை வளைவாக விடுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். பிடிக்கான இரண்டு 4 மி.மீ. துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும், அப்புறம் டிரில் இறங்காது.

வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, ராவும்போது கோணம் ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க ஒரு வழி உண்டு. விளிம்பில் மார்க்கர் மை பூசி, அலகைச் சமமான பலகைமேல் படுக்க வையுங்கள். அலகின் கனமே உள்ள டிரில் பிட்டையும் பக்கத்தில் படுக்க வைத்து, அதன் முனையால் விளிம்பில் கீறினால் நட்டநடுவில் கோடு விழும். இருபுறமும் அந்தக் கோட்டை நோக்கி ராவுங்கள். ஆனால் கூராக்காதீர்கள், விளிம்பு ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நிற்கட்டும். மெல்லிய வாய் பிறகு தோய்க்கும் எண்ணெயில் நெளியும்.

தோய்ச்சல்

இளக்கிய எஃகைக் காய்ச்சி எண்ணெயில் முக்கி மறுபடி கடினமாக்குவதுதான் தோய்ச்சல். கத்தி கத்தியாவது இங்கேதான். காங்கேயம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக் கரி நல்ல சூடு தரும், சின்ன புளோயர் வைத்தால் போதும். நொய்யல் கரைக் கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியவர்களுக்குக் கண்தான் வெப்பமானி. நமக்குக் காந்தம் இருக்கிறது. சுமார் 770 டிகிரியில் ஒட்டாமல் போகும். அதற்குமேல் நிறம் ஒரு சாயல் ஏறும்வரை மட்டும் காய்ச்சுங்கள். நேர்வெயிலில் நிறம் ஏமாற்றும், பொழுது சாய்ந்தபின் செய்யுங்கள்.

ஆழமான இரும்புப் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் கடலை எண்ணெயை 50–60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருங்கள். நீண்ட இடுக்கியால் எடுத்த வேகத்தில் நுனி முதலாக நேராக இறக்கி, மேலும் கீழும் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். தீ பற்றினால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆறியதும் வேறொரு அரத்தைக் கத்தியின் வாயில் வைத்துத் தள்ளினால் கடிக்காமல் வழுக்க வேண்டும். கடித்தால் மறுபடி காய்ச்சுங்கள்.

இப்போது கை தவறிக் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். அன்றே எண்ணெயைத் துடைத்து, கரியைத் தேய்த்து எடுத்து, கேக் சுடும் ஓடிஜி மின்னடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை வையுங்கள். வெளிர் வைக்கோல் நிறம் ஏறினால் பதம் சரி. துடைக்காமல் வைத்தால் அடுத்த கேக்கில் கடலை எண்ணெய் வாசம் வரும், வீட்டில் பதில் சொல்லி மாளாது.

பிடி, கூர், உறை

காய்ந்த வெள்வேலங்கட்டையோ புளிய வைரமோ இரண்டு வில்லை போதும். அரால்டைட்டில் ஒட்டி, பித்தளைக் கம்பி அடித்து, உப்புத்தாள் போட்டு உருட்டுங்கள். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயாது, ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள்.

400 எண், பிறகு 1000 எண் தீட்டுக்கல்லில், நீர் விட்டுக்கொண்டே பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில் தீட்டுங்கள். மெஷினில் தீட்டி வாய் நீலமேறினால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். இது துருப்பிடிக்கும் எஃகு. மாங்காய், எலுமிச்சை நறுக்கியதும் துடைத்துவிடுங்கள்.

உறையைச் செருப்புத் தைப்பவரிடமே கொடுக்கலாம். தையலோரம் உள்ளே ஒரு தோல் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கத்தி ஒவ்வொரு முறையும் நூலைத்தான் அறுக்கும்.