ஃபைன் கட்டி முடித்த கேஸ்

அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிய அக்கா இங்கிருக்கும் தம்பிக்குக் குடியேற்ற விசா கேட்டு மனுப் போட்டால், முறை வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். அத்தனை வருஷத்தில் ஒரு வேலித் தகராறுகூட வராமல் இருக்குமா?

கோத்தகிரியில் நான் ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிற வழக்குகளில் பாதி, தேயிலைத் தோட்டத்து வேலியை அரை அடி தள்ளி நட்ட கதைதான். நாலு கெட்ட வார்த்தை, ஒரு தள்ளுமுள்ளு. எஃப்.ஐ.ஆரில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (கெட்ட வார்த்தை), 323 (அடி), 506(1) (மிரட்டல்) மூன்றும் ஜோடி பிரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சண்டை என்றால் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351.

சின்ன கேஸ்தான். அதை முடிக்கிற விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

என் கணக்கில் பெரிய தவறு, விசா அவசரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவது. “ஆயிரம் ரெண்டாயிரத்தோட போயிரும், வாய்தாவுக்கு அலைய வேண்டாம்” என்பார் குமாஸ்தா. ஊரிலேயே இருக்கப் போகிறவருக்கு அது நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம். விசா கேட்பவருக்கு அது முழுத் தண்டனை. தொகை நூறு ரூபாய் என்றாலும் தீர்ப்பில் ‘குற்றவாளி’ என்று எழுதியாகிவிட்டது. தானே ஒப்புக்கொண்டதால், நான் செய்யவில்லை என்று மேல்முறையீட்டுக்கும் போக முடியாது.

‘ஒழுக்கக்கேடான குற்றம்’ என்று விசா அதிகாரி கருதினால் அனுமதி மறுக்கலாம். அதில் சிறு குற்றத்துக்கு ஒரு விலக்கு உண்டு: அப்படிப்பட்ட குற்றம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், சட்டப்படி அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டக் கூடாது, விதித்த சிறை ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. 323-க்கு அதிகபட்சம் ஓராண்டு. 506(1)-க்கு இரண்டாண்டு. மூன்றையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறவர் அந்த விலக்கையே சிக்கலாக்கிக்கொள்கிறார்.

சமாதானமாகப் போனால் கதை வேறு. 323, 506(1) இரண்டிலும் பாதிக்கப்பட்டவர் கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளலாம். அதற்கு விடுதலைக்குரிய பலன் உண்டு. ஆனால் கெட்ட வார்த்தைப் பிரிவான 294(பி) சமரசப் பட்டியலில் இல்லை. அடித்ததற்கு ராஜி உண்டு, திட்டியதற்கு இல்லை! அதற்காகத்தான் வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் வரை போகிறார்கள். நீலகிரிக்காரர்களுக்குச் சென்னை, கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை. எதிராளியும் சம்மதிக்க வேண்டும். அவர் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார். ஒரு கல்யாணத்திலோ சாவிலோ பேச்சு வந்துவிடும். நேர்காணல் தேதி வந்த பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது. முறை நெருங்குகிறது என்று தெரிந்ததுமே ஆரம்பித்துவிட வேண்டும்.

அடுத்தது மறைப்பது. குடியேற்ற விசாவுக்கு நிரப்பும் டிஎஸ்-260 படிவம் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்றும் கேட்கிறது. விடுதலை ஆகியிருந்தாலும் கைது கைதுதான். “ஸ்டேஷன் ஜாமீன்ல அன்னைக்கே விட்டுட்டாங்களே” என்பார்கள். கைது செய்தால்தானே ஜாமீன்? வெறும் நோட்டீஸ் கொடுத்து விசாரித்தார்களா, கைது காட்டினார்களா என்று காகிதத்தைப் பார்த்துப் பதில் எழுதுங்கள். உண்மையைச் சொன்னால் கேள்வி வரும், அவ்வளவுதான். பொய் என்று தெரிந்தால் நிரந்தரத் தடை. அதை நீக்க ஐ-601 என்று தனி மனு.

கஞ்சா வழக்கு என்றால் மேலே சொன்ன சிறு குற்ற விலக்கு எதுவும் பொருந்தாது. தண்டனையே இல்லாமல், அதிகாரியிடம் முறைப்படி ஒப்புக்கொண்டாலே மாட்டிக்கொள்ளலாம். கொடைக்கானலில் ரூம் போட்ட இடத்தில் கூட்டத்தோடு சிக்கிய பையன்கள், ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டையும் மறந்துவிடாதீர்கள். நம் மாவட்டத்துக்குக் கோவை அலுவலகம். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் புதுப்பிக்க அந்தக் கோர்ட்டின் அனுமதி உத்தரவு வேண்டும். உத்தரவில் எத்தனை வருஷம் என்று சொல்லாவிட்டால் ஒரு வருஷத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருவார்கள். மனுவிலேயே காலத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாய்தாவுக்குப் போகாமல் பிடியாணை விழுந்துவிட்டால் அந்த அனுமதி கேட்கவே கஷ்டம்.

அப்புறம் நகல். மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்கும், தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்போடு. இல்லாவிட்டால் ஆவணம் குறைகிறது என்று விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு வருஷத்துக்குள் கொடுக்காவிட்டால் மறுபடி பணம் கட்டி முதலிலிருந்து. ஒருவர் வழக்கு நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். ‘டிஸ்போஸ்டு’, அதாவது வழக்கு முடிந்தது என்று மட்டும் இருந்தது. எப்படி முடிந்தது என்று கேட்டேன். “விடுதலைன்னுதாங்க சொன்னாங்க” என்றார். நகல் மனு போடச் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து சீல் வைத்த தாளோடு வந்து என் மேஜையில் வைத்தார். கடைசிப் பத்தியில் இருந்தது: குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் ரூ.1,500.