தஞ்சாவூருக்குப் போகும் பெட்டியில் எந்தப் புத்தகம்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங் ஒட்டுக்கடைகளில் இரண்டு பேச்சுதான் ஓடும். யார் யார் ஊருக்குப் போகிறார்கள், டிக்கெட் என்ன விலைக்குக் கிடைத்தது. என்னைக் கண்டால் மட்டும் மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள். “அண்ணே, தஞ்சாவூர் பாக்கப் போறோம், என்ன புக்கு எடுத்துட்டுப் போறது?” நாலைந்து தடவை போய் வந்தவன், வீட்டில் புத்தகம் அடுக்கி வைத்திருப்பவன் என்று எனக்கு ஒரு பெயர். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற காரியமில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் பயணத்தில் நான் ஏமாந்த கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். வழவழப்பான தாளில், பக்கத்துக்கு இரண்டு வண்ணப்படத்தோடு ஒரு கனத்த புத்தகம் வாங்கிப் போயிருந்தேன். பெரிய கோவிலில் சோழர் கால ஓவியங்களைத் தவறாமல் பாருங்கள் என்று அதில் போட்டிருந்தது. குடும்பத்தோடு போய் நின்று, காவலரிடம் கேட்டால் அவர் சிரிக்கிறார். கருவறையைச் சுற்றிப் போகும் அந்த இருட்டான உள்வழி பொதுவாக யாருக்கும் திறப்பதில்லையாம். அந்த ஒரு வரியைப் புத்தகத்தில் போட அதை எழுதியவருக்கு மனம் வரவில்லை. அவர் அங்கே போனாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

அன்றிலிருந்து புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் முதலில் திருப்புவது ஓவியங்களைப் பற்றிய பக்கம்தான். நல்ல புத்தகம் என்றால் மூன்று செய்தி இருக்கும். ஒன்று, மேலே தெரிந்த ஓவியங்கள் நாயக்கர் காலத்தவை, அவற்றின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்து கிடந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் கண்டுபிடித்தார் என்பது. இரண்டு, அங்கே என்ன வரைந்திருக்கிறது என்பது: சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சி, முப்புரம் எரித்தவர், தில்லைக் கூத்தர். மூன்றாவதுதான் முக்கியம். உள்ளே விடமாட்டார்கள், ஆனால் கோவில் வளாகத்திலேயே இருக்கும் விளக்கக் கூடத்தில் அவற்றின் படங்களைப் பார்க்கலாம் என்பது. மூன்றும் இருந்தால் எழுதியவர் நேரில் போய் நின்றவர் என்று நம்பலாம்.

அடுத்த சோதனைக்குக் கடையில் நின்றபடியே இரண்டு நிமிடம் போதும். “கோபுரத்தின் நிழல் தரையில் விழாது” என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் மரியாதையாக அலமாரியில் வைத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் போனால் 216 அடி விமானத்தின் நிழல் முற்றத்தில் நீளமாகப் படுத்துக் கிடக்கும், நீங்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறலாம். அப்புறம், அது கோபுரமே இல்லை. வாசலில் இருப்பது கோபுரம், கருவறைக்கு மேல் எழுவது விமானம். இந்த இரண்டையும் குழப்புகிற புத்தகம் மற்றதை எப்படிச் சொல்லும்? முன்னால் இருக்கும் பெரிய நந்தியையும் பாருங்கள். அது ராஜராஜன் செய்தது என்று எழுதியிருந்தால் அதுவும் தப்பு. அது நாயக்கர் காலத்தது. முருகன் சன்னதியும் அப்படித்தான், அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. 1010இல் முடிந்த கோவிலுக்குள் ஐந்தாறு நூற்றாண்டு வேலை கலந்திருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டுவதற்குத்தானே நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

விமானத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் எட்டிப்பார்க்கிறான். வழிகாட்டிகள் எல்லாரும் அவனைக் கட்டாயம் காட்டுவார்கள். வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜனுக்கு அப்போதே தெரியும் என்றுகூட ஒருவர் எங்களிடம் சொன்னார். பின்னாளில் சேர்த்த உருவம் என்று சொல்லும் புத்தகம் கையில் இருந்தால் சிரித்துக்கொண்டே கேட்கலாம். இல்லையென்றால் பிள்ளைகள் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடும்.

தரைப்படம் இல்லாத புத்தகம் வேண்டாம். வண்ணப்படம் குறைவாக இருக்கட்டும், கைபேசியில் நாமே எடுத்துக்கொள்வோம். கிழக்கு எது, எந்தச் சுவரில் எந்தச் சிற்பம் என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு பக்கம் நூறு படத்துக்குச் சமம். நாம் வலமாகத்தான் சுற்றுவோம். புத்தகமும் அதே வரிசையில் தெற்குச் சுவர், மேற்கு, வடக்கு என்று போனால் பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேட வேண்டியதில்லை. கடைசியில் சொல் விளக்கமும் இருக்க வேண்டும். அதிட்டானம், தேவகோட்டம் என்றெல்லாம் வரும்போது பக்கத்தில் சின்னக் கோட்டுப்படம் இருந்தால், தமிழ்ப்பள்ளியில் படிக்காத பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

கலைக்கு இன்னொரு சோதனை. அரண்மனை வளாகத்தில் இருக்கும் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த செப்புத்திருமேனி ஒன்று இருக்கிறது. ரிஷபவாகன தேவர், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாம்புகளைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, வலக்கையைக் காற்றில் எதன் மீதோ சாய்த்து வைத்தபடி நிற்பார். அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் போனால் அரை நிமிடத்தில் கடந்துவிடுவோம். தெரிந்து போனால், இல்லாத காளை கண்ணுக்குத் தெரியும். என் மகள் அங்கே கால் மணி நேரம் நின்றாள். நல்ல புத்தகத்தின் வேலை அதுதான். “எழில்மிகு சிற்பம்”, “காண்போரை வியக்க வைக்கும்” என்று பக்கம் நிரப்புவது யாருக்கும் உதவாது.

இனி நம்மூர்க்காரர்களுக்கென்று ஒரு கேள்வி. புத்தகத்தில் கடாரம் இருக்கிறதா? 1025 வாக்கில் ராஜேந்திரன் அலைகடல் நடுவே பல கலம் செலுத்திப் பிடித்த ஊர்களின் பட்டியலில் ‘கடுமுரட் கடாரம்’ வருகிறது. அது நமது கெடாதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மன்னன் புகழைச் சொல்லும் அந்த மெய்க்கீர்த்தி தஞ்சைக் கோவில் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. ரஜூலாக் கப்பலில் வந்து இறங்கிய தாத்தாவுக்கு ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னமே இந்தக் கரையின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றால் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பாருங்கள். பழைய எழுத்தை நம்மால் வாசிக்க முடியாது. ஒரு வரியையாவது படம் போட்டு, கீழே இன்றைய எழுத்தில் கொடுத்திருக்கும் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் கோவில் அது. கல்வெட்டைத் தொடாமல் சிற்பத்தை மட்டும் பேசும் புத்தகம் பாதிப் புத்தகம்.

இடிபாடு பார்க்க ஆசையென்றால் தஞ்சாவூரோடு நிற்காமல் கங்கைகொண்ட சோழபுரம் போக வேண்டும். தஞ்சையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், கும்பகோணம் வழி. புத்தகங்கள் தடுமாறுவது இங்கேதான். கோவிலைப் பற்றி நாலு பக்கம் எழுதுவார்கள். வடக்குப் படிக்கட்டருகே சிவன் சண்டேசருக்கு மாலை சுற்றும் சிற்பத்தை, ராஜேந்திரனுக்கே முடிசூட்டுவது போல, என்று வர்ணிப்பார்கள். அது சரி, பார்க்க வேண்டியதுதான். ஆனால் ராஜேந்திரன் அரண்மனை? இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. தொல்லியல் துறை தோண்டிய இடம். புத்தகம் இல்லாமல் போனால் செங்கல் குவியலைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வண்டி ஏறிவிடுவீர்கள். கும்பகோணத்திலிருந்து போகும்போது அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடப்பீர்கள். 1836இல் அந்த அணையைக் கட்டக் கோவில் மதிலின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இதைச் சொல்லும் புத்தகம் இருந்தால் பயணத்தில் அந்த அணையும் ஒரு இடமாகிவிடும், டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்ப்பீர்கள்.

வாங்கிய புத்தகத்தை இங்கேயே ஒரு தடவை பழகிப் பார்ப்பது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மெர்போக்குக்கு வண்டியை விடுங்கள். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் பத்து பாஹாட் சண்டியில் (பழங்காலக் கோவில் இடிபாட்டை இங்கே சண்டி என்பார்கள்) கருவறைப் பகுதியும் மண்டபமும் அடித்தளமாகத் தெரியும். மேலே இருந்த கூரை போய்விட்டது, தூண் நின்ற கல் மட்டும் இருக்கிறது. புத்தகத்திலுள்ள தரைப்படத்தோடு ஒப்பிட்டு, எது கருவறை, எது மண்டபம் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இங்கே பிடிபட்டால் மாளிகைமேட்டிலும் பிடிபடும். ஊரில் எழுபது கிலோமீட்டர் சுற்றிக் கல் பார்க்கப் போகிறோம், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 2013இல் இதே பீடோங் பக்கம் ஒரு சண்டியை இடித்துத் தள்ளிய பிறகுதான் பலருக்கு அது இருந்ததே தெரிந்தது.

சரி, எங்கே வாங்குவது? என் யோசனை இரண்டு புத்தகம். விவரமானது ஒன்றை இங்கேயே வாங்கி, போவதற்கு ஒரு மாதம் முன்னால் வீட்டில் படித்து முடியுங்கள், பெட்டியில் வைக்காதீர்கள். கையோடு கொண்டுபோக மெல்லியது ஒன்று போதும். இந்தியத் தொல்லியல் துறையும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் போடும் சிறு கையேடுகள் பார்க்க அழகாக இருக்காது, அச்சும் சுமார்தான். ஆனால் ஆண்டும் பெயரும் ஒழுங்காக இருக்கும், விலையும் நம் மலேசிய வெள்ளிக் கணக்கில் ஒரு ரொட்டி சானாய், தே தாரிக் அளவுதான். தஞ்சாவூர் போனதும் சரஸ்வதி மகால் நூலக விற்பனைப் பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள். ஜனவரியில் போகிறவர்களுக்குச் சென்னைப் புத்தகக் காட்சி இருக்கிறது. பெட்டி எடை கூடினால் என்னைத் திட்டக்கூடாது.

பதிப்பு ஆண்டு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். சிற்பம், கல்வெட்டு பற்றியது முப்பது வருடப் பழசானாலும் பரவாயில்லை, கல் நகர்ந்துவிடாது. ஹோட்டல், பேருந்து, நுழைவுக் கட்டணம் பற்றியது இரண்டு வருடம் பழசானாலே நம்பாதீர்கள். பெரிய கோவிலுக்குக் கட்டணம் இல்லை. மாமல்லபுரம் போனால் நம்மை வெளிநாட்டவராகத்தான் வைப்பார்கள், ஆளுக்கு 600 ரூபாய் வரை வரும். தமிழில் கெஞ்சினாலும் பாஸ்போர்ட் சிவப்புதான்.

“ஏழு நாளில் நாற்பது கோவில்” வகைப் புத்தகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள், கல்தரை கொதிக்கும், வயதானவர்களோடு ஒரு நாளைக்கு இரண்டு இடம் பார்த்தாலே பெரிசு. காலையில் சீக்கிரம் போங்கள், கெட்டியான காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், வயதானவர்கள் இருந்தால் கண்ணாடியை மறக்காதீர்கள். உயரத்தில் இருக்கும் சிற்பங்களுக்குச் சின்னத் தொலைநோக்கி ஒன்று இருந்தால் நல்லது.

என்னிடம் இருக்கும் புத்தகங்களை இரவல் கேட்டால் தருவேன். ஆனால் மாளிகைமேட்டுத் தரைப்படம் உள்ள அந்தச் சின்னக் கையேடு இப்போது என்னிடம் இல்லை. போன தீபாவளிக்கு முன்னால் தாமான் பக்கத்து நண்பர் ஒருவர் வாங்கிப்போனார். அவர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார், புத்தகம்தான் இன்னும் வரவில்லை.