பத்துக்குப் பதினோரு அடி அறையில் ஒரு புது கிட்டார் ஆம்ப்

கடையில் வாசித்துப் பார்த்தபோது அந்த ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கர்ஜித்தது. 20 வாட், 8 அங்குல ஸ்பீக்கர். மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, கீழ் வீட்டு மாமியை நினைத்துக்கொண்டே வால்யூமை ஒரு நூல் திறந்து கடையில் அடித்த அதே E கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) அடித்தேன். பவுடர் டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. "என்னடா, கொசு பேட் வாங்கிட்டு வந்தியா?" என்றாள் அம்மா.

ஆம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை. சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பாஸ் (கனமான கீழ் ஒலிகள்) சரியாக எட்டாது, உச்சத்தில் இருக்கும் ஒலிகளும் மங்கிவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அளந்து 1933-இல் வெளியிட்ட விஷயம் இது. அதனால் கடையில் பிடித்துப்போன செட்டிங்கை போனில் படம் எடுத்து வந்து பிரயோசனமில்லை. வீட்டில் வாசிக்கப்போகும் சத்தத்தை முதலில் முடிவு செய்து, அந்தச் சத்தத்தில்தான் மற்றதையெல்லாம் திருக வேண்டும். என் அளவுகோல்: ஃபேன் ஓடும்போது வாசித்துக்கொண்டிருந்தாலும் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். (சின்ன வாட் வாங்கினால் சத்தம் பாதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 20 வாட்டுக்குப் பதில் 10 வாட் என்றால் காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். பாதியாகக் கேட்க ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாட் வேண்டும்.)

நாப்களை (திருகும் குமிழ்களை) தொடுவதற்கு முன் ஆம்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஸ்பீக்கரிலிருந்து ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலிகள்) டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். ஆம்ப் தரையில், நீங்கள் கட்டிலில் என்றால் அந்த வெளிச்சம் உங்கள் முழங்காலில் விழுகிறது. காதுக்கு மந்தமாகக் கேட்கிறதே என்று ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் பல்லைக் கடிப்பார். நான் ஒரு மர ஸ்டூலில், நாலாக மடித்த கால்மிதியின் மேல் வைத்து, முகம் என் காதைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்திருக்கிறேன். கால்மிதி மாமிக்காக. தரையோடு ஒட்டி வைத்தால் அதிர்வு கான்கிரீட் வழியாக அவர் வீட்டுக் கூரைக்கு நேராக இறங்கிவிடும்.

அறையின் மூலை வேண்டாம். இரண்டு சுவரும் சேர்ந்து பாஸை ஊதிப் பெரிதாக்கிவிடும். இடத்தை முடிவு செய்ததும், கனமான ஆறாவது கம்பியை ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) ஏறி வாசித்துப் பாருங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டில், அதாவது 110 ஹெர்ட்ஸில், எங்கள் பீரோவில் தொங்கும் சாவிக்கொத்து கிணுகிணுக்கும். இரண்டு நாள் அதை ஸ்பீக்கர் கிழிசல் என்றே நம்பினேன்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் செய்தேன். ஆம்பைப் போட்டாலே "ஜ்ஜ்ஜ்" என்று ஒரு இரைச்சல். ஆட்டோ வைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே கோயில் கர்ப்பகிரகம் மாதிரி அமைதி. திரும்ப ஆட்டோ. வீட்டில் அன்று இரவு ஃபேனை 5-இல் வைத்தபோது இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது. 3-க்குக் குறைத்ததும் திரும்பி வந்தது. குற்றவாளி ரெகுலேட்டர்! வழுவழுவென்று சுற்றும் டிம்மர் வகை ரெகுலேட்டர் மின்சார அலையை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது, அந்த நறுக்கலை கிட்டாரின் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பிடித்துக்கொள்கிறது. டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப் வகை மாட்டினேன், விட்டது. சில எல்ஈடி விளக்குகள், லேப்டாப் சார்ஜர் இவையும் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒரே சுருள் உள்ள (சிங்கிள் காயில்) பிக்கப் என்றால் நாற்காலியோடு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலே இரைச்சல் குறையும் ஒரு திசை கிடைக்கும்.

ஆனால் கம்பியைத் தொட்டால் சுரீரென்றால் வாசிப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். மூன்று பின் பிளக்கின் தடித்த பின்தான் எர்த். பழைய வீடுகளில் அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிபார்த்த பிறகுதான் மறுபடி கிட்டார். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கத்தைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230-இல் செருகக்கூடாது. வால்வு ஆம்பை (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் போட்டது) ஸ்பீக்கர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும்.

சரி, இப்போது நாப்கள். கடிகாரம் மாதிரி பாருங்கள், நேர் மேலே 12 மணி. கிட்டாரில் வால்யூம், டோன் இரண்டும் முழுசாக. ஆம்பில் கிளீன் சேனல் (உறுமல் சேர்க்காதது), கெய்ன் (உறுமலைக் கூட்டுவது) 9 மணி, பாஸ், மிட் (நடு ஒலிகள்), ட்ரெபிள் மூன்றும் 12, ரிவெர்ப் (எதிரொலி) பூஜ்யம். சத்தத்தை உங்கள் அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாம் 12-இல் இருந்தால் நடுநிலை என்று அர்த்தமில்லை. ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வழிவந்த டோன் சர்க்யூட்டுகளில் அந்த நிலையில் நடுப்பகுதி பள்ளமாகத்தான் இருக்கும். அதனால் முதலில் மிட்டை 2 மணிக்கு ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். போனில் ஒரு பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசித்தால், அதுதான் கிட்டாரைக் காணாமல் போகவிடாமல் காப்பாற்றுகிறது என்று புரியும். அடுத்து பாஸ். ஆறாவது கம்பி "தொம்" என்று உருளாமல் "டங்" என்று நிற்கும் இடம்வரை குறையுங்கள். ட்ரெபிள் கடைசி. மெல்லிய முதல் கம்பி காதில் குத்தினால் ஒரு மணி பின்னால்.

கெய்னில்தான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறோம். நானும் 4 மணிவரை போனவன். அம்மாவின் கொசுவுக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு ஜி கார்டை மெதுவாக, கம்பி கம்பியாக இறக்குங்கள். ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா? கெய்னை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஆறும் சாம்பார் சாதமாகக் குழையும். அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். எனக்கு அது 11 மணி. குறைவாகத் தோன்றினால் கையால் அழுத்தி வாசியுங்கள். மென்மையாக வேண்டும்போது கிட்டார் வால்யூமை 6-க்கு இறக்கினால் அதே சேனல் ஏறக்குறைய கிளீனாகிவிடும். ரிவெர்ப் இப்போது போடலாம், 9 மணியைத் தாண்டாமல். சின்ன அறையில் அது கிட்டாருக்குக் கொஞ்சம் இடம் தரும்.

அப்புறமும் மந்தமாக இருந்தால் கம்பியைப் பாருங்கள். சென்னை ஈரக்காற்றிலும் கை வியர்வையிலும் கம்பி சீக்கிரம் கறுத்து, செத்த ஒலி கொடுக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைப்பது என் வழக்கம். கேபிள் பத்தடி போதும். நீளம் கூடக்கூட ட்ரெபிள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

நல்ல இடம் கிடைத்ததும் என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சிலவற்றை எடுத்து ஒவ்வொரு நாப்புக்குப் பக்கத்திலும் ஒட்டினேன். கெய்னுக்கு மட்டும் சிவப்பு. மறுநாள் காலை காது தெளிந்த பிறகு வாசித்துப் பார்த்தபோது ட்ரெபிள் பொட்டை மட்டும் பிய்த்து அரை மணி பின்னால் ஒட்ட வேண்டியிருந்தது.