பழைய லீ-என்ஃபீல்டின் சைட்டை மாற்றப் போகிறீர்களா? அரத்தைக் கீழே வையுங்கள்

சைட் என்பது துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் பாகம். என் கைக்கு வந்த பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான நம்பர் 4 லீ-என்ஃபீல்டின் முன்சைட்டை, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அரத்தால் ராவியிருந்தார். குழல் முனையில் இரண்டு காதுகளுக்கு நடுவே நிற்கும் அந்தச் சின்னத் தகட்டின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கறுப்புப் பூச்சு போய், வெறும் இரும்பாக மின்னியது. இடப்பக்கம் வெயில் அடித்தால் தகட்டின் இட விளிம்பு மட்டும் தெரியும், வலப்பக்கம் அடித்தால் வல விளிம்பு. குண்டும் அதற்கேற்ப இங்கும் அங்கும் போகும். அவர் செய்ய நினைத்தது நல்ல காரியம்தான்: குறி தாழ்வாக விழுகிறது, தகட்டைக் கொஞ்சம் குறைத்தால் மேலே வரும். கணக்கு சரி. ஆனால் ராவிய இரும்பை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

பழைய ராணுவ ரைபிளைச் சட்டப்படி வாங்கி வைத்திருப்பவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிறையப் பேர். இந்தியாவில் .303 தோட்டா சுடும் ரைபிள் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் நம் ஊரில் இந்தப் பேச்சே எழாது. ஆனாலும் போலீஸ்காரர் தோளில் ‘த்ரீ நாட் த்ரீ’யைப் பார்க்காத தலைமுறை சமீபத்தில்தான் வந்தது. இங்கே நான் பேசுவது அதன் தம்பியான நம்பர் 4 பற்றி. 1939இல் ஏற்கப்பட்டு, 1941இலிருந்து பெருவாரியாகத் தயாரானது. கனடாவில் டொரன்டோவுக்கு மேற்கே லாங் பிராஞ்ச் ஆலை ஏறத்தாழ 9 லட்சம் செய்தது. அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் 10 லட்சத்துக்கும் மேல். கனடாவின் வடக்கே ரேஞ்சர் படையினர் 2010களின் பிற்பகுதி வரைக்கும் இதைத்தான் சுமந்தார்கள். எவ்வளவு பேர் கையில் இருக்கிறதோ அவ்வளவு பேர் கையிலும் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

முதல் தவறு, இருக்கும் சைட்டைப் புரிந்துகொள்ளாமலே மாற்றக் கிளம்புவது. பழைய எஸ்.எம்.எல்.இ. ரைபிளில், அதாவது அந்தப் போலீஸ்காரர் ‘த்ரீ நாட் த்ரீ’யில், பின்சைட் குழலின் மேல், கண்ணுக்கு எட்டத்தில் ஒரு வெட்டாக இருக்கும். முன்சைட்டுக்கும் அதற்கும் சுமார் 19 அங்குலம்தான் இடைவெளி. நம்பர் 4இல் பின்சைட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வெட்டுக்குப் பதில் துளையாக்கி, இடைவெளியை 28 அங்குலத்துக்கும் மேலே நீட்டினார்கள். இது சாதாரண மாற்றம் இல்லை. துளை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது முன்சைட்டைத் தெளிவாகப் பார்ப்பது மட்டும்தான். ‘மேம்படுத்துகிறேன்’ என்று இதைக் கழற்றிவிட்டு, குழல் மேல் ஒரு பளபளக்கும் வெட்டு சைட்டை மாட்டியவரை நான் பார்த்திருக்கிறேன். கையில் இருந்த நல்லதைக் கொடுத்துவிட்டு எஸ்.எம்.எல்.இ. காலமான 1907ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போனது மாதிரி.

அப்புறம், உங்கள் ரைபிளில் இருப்பது எந்தப் பின்சைட் என்று பாருங்கள். மார்க் 1 என்பது கடைந்து எடுத்த ஏணி சைட். 200 கஜத்திலிருந்து 1300 கஜம் வரை நுண்திருகு வைத்து ஏற்றி இறக்கலாம். மார்க் 2 என்பது போர்க்கால அவசரத்தில் வந்த மடக்கு சைட். இரண்டே துளை: ஒன்று 300 கஜம், இன்னொன்று 600. மார்க் 3, 4 இரண்டும் ஏணி வகைதான், ஆனால் தகட்டை அழுத்திச் செய்தவை. ஆடுகிற மார்க் 2 உங்களிடம் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு நல்ல மார்க் 1 ஒன்றை மாட்டுவதுதான் என் கணக்கில் ஆகச்சிறந்த மேம்பாடு. துளையிட வேண்டாம், வெட்ட வேண்டாம், பார்ப்பவருக்கும் உறுத்தாது. ராணுவமே செய்த மாற்றம் அது.

ஏணி சைட்டைப் படுக்கவைத்தால் ஒரு பெரிய துளை தெரியும். போர்க்களத்தில் சட்டென்று சுடுவதற்கான துளை, 300 கஜத்துக்குக் கட்டியது. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 100 கஜத்தில் குறி அட்டையை வைத்து, இந்தத் துளை வழியாகச் சுட்டால், குண்டு குறிக்கு ஆறேழு அங்குலம் மேலே போய் விழும். விழத்தான் வேண்டும். உடனே ‘சைட் கெட்டுப்போச்சு’ என்று உயரமான முன்சைட் தகடு வாங்கிப் போட்டால் 100 கஜத்தில் சரியாகிவிடும், ஆனால் ஏணியில் பொறித்த எண் ஒன்றுகூட அதற்குப் பிறகு உண்மை சொல்லாது. ஏணியை நிமிர்த்தி, 200இல் வைத்து, அது எங்கே போடுகிறது என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

தோட்டாவும் கணக்கில் வர வேண்டும். இந்த எண்கள் எல்லாம் மார்க் 7 தோட்டாவுக்காகப் பொறித்தவை: 174 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு, நொடிக்கு சுமார் 2440 அடி வேகம். கடையில் கிடைக்கும் 150 கிரெய்ன் தோட்டாவைப் போட்டால் குண்டு வேறு இடத்தில் விழும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அரத்தை எடுத்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரைபிளோடு வந்த பாதிப் பெட்டி முழுக்க 150தான். எந்தத் தோட்டாவைத் தொடர்ந்து சுடப் போகிறீர்களோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். சைட் அதற்குப் பிறகு.

சைட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் ரைபிளின் மரக்கட்டையைப் பாருங்கள் என்று நான் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் நம்பர் 4 அப்படிப்பட்ட ரைபிள். முன்கட்டை குழல் முனையைக் கீழிருந்து மேலே லேசாகத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், சுமார் 2 முதல் 7 பவுண்டு வரை. குழலை விரலால் மேலே தூக்கினால் கொஞ்சம் எதிர்ப்பு காட்டி எழ வேண்டும், விட்டால் திரும்பி உட்கார வேண்டும். எண்பது வருஷம் காய்ந்த மரம் சுருங்கியிருக்கும். அதிர்ச்சியைத் தாங்கும் இடத்தில், அதாவது டிரிக்கருக்கு முன்னால் கட்டை இரும்போடு முட்டும் இடத்தில், மரம் நசுங்கியிருந்தால் ஐந்து குண்டும் ஐந்து திசைக்குப் போகும். டிரிக்கர் கார்டின் முன்னால் இருக்கும் பெரிய திருகு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். இந்த நிலையில் உலகத்தின் சிறந்த சைட்டை மாட்டினாலும் பயன் இல்லை. ஒரே இடத்தில் குவியாத குண்டுகளை எந்தச் சைட்டாலும் நகர்த்த முடியாது.

சரி, கட்டை நன்றாக இருக்கிறது, குண்டுகள் குவிகின்றன, குவியல் மட்டும் தள்ளி விழுகிறது. இப்போது முன்சைட்.

அதன் தகடுகள் அந்தக் காலத்திலேயே பல உயரங்களில், 0.015 அங்குலப் படிகளாக வந்தன. பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். ஒரு படிக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்: 100 கஜம் என்றால் 3600 அங்குலம். அதை இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியால், 28.7 என்று வையுங்கள், வகுத்து 0.015ஆல் பெருக்கினால் 1.9 அங்குலம் வரும். ஆக, நான்கு அங்குலம் தாழ்வாக விழுந்தால் இரண்டு படி குட்டையான தகடு போதும். அரம் எதற்கு? பழைய தகடுகள் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கின்றன. என் ராவிய தகட்டை எறிந்துவிட்டு வேறு போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

திசையில் குழம்புவது ரொம்ப சகஜம். பின்சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்சைட் தலைகீழ்: குண்டு எந்தப் பக்கம் தவறிப் போகிறதோ, முன்சைட்டும் அந்தப் பக்கமே போக வேண்டும். இடப்பக்கம் விழுகிறதா, முன்சைட்டை இடப்பக்கம் தள்ளுங்கள். தாழ்வாக விழுகிறதா, முன்சைட்டைத் தாழ்த்துங்கள். நம்பர் 4இன் பின்சைட் பக்கவாட்டில் அசையாது என்பதால் இட-வலத் திருத்தம் முழுக்க முன்சைட்டில்தான். ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் 100 கஜத்தில் 12 சென்டிமீட்டருக்கு மேல் நகரும். எனவே ‘ஒரு தட்டு தட்டினேன்’ என்பது நடக்காத காரியம்.

தட்டுவதிலும் ஒரு வில்லங்கம். பல ரைபிள்களில் அந்தத் தகடு உட்கார்ந்திருக்கும் காடியை ஒரு சின்னத் திருகு குறுக்கே இறுக்கிப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தாமல் சுத்தியலால் அடித்தால் காடியின் உதடு பிளந்துவிடும். திருகின் தலையும் வழக்கமான ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்தாது. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் பிடிக்கிற கருவி வேண்டும். தகட்டைத் தள்ள, காதுகளுக்கு வெளியே பிடித்துத் திருகித் தள்ளும் சிறு இடுக்கி விற்கிறார்கள். அதை வாங்கிவிடுங்கள். நகர்த்தும் முன் தகட்டுக்கும் அது உட்கார்ந்திருக்கும் காடிக்கும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், எவ்வளவு போனது என்று கண்ணுக்குத் தெரியும்.

பின்சைட்டைக் கழற்றும்போது என் அனுபவத்தைக் கேளுங்கள். அச்சு முள்ளைப் பூட்டிவைக்கும் பொடிப் பின்னை முதலில் தட்டி எடுத்தேன். அப்புறம் அச்சு முள்ளை மெதுவாக வெளியே தள்ளினேன். அது பாதி வந்ததும் சைட்டுக்குக் கீழே, ஸ்பிரிங்கோடு ஒளிந்திருந்த சின்னத் தண்டு ‘டக்’ என்று எகிறிப் போனது. மிளகு உருண்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்று இரவு முழுக்க டார்ச் வைத்துக்கொண்டு அடித்தளத்துத் தரையில் தேடினேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால், தூசிக்குள் கிடந்தது. இப்போதெல்லாம் சைட்டின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, ரைபிளை ஒரு பழைய துண்டின் மேல் கிடத்திவிட்டுத்தான் தொடுகிறேன். அதற்கு முன்னால் போல்ட்டையும் மேகசினையும் எடுத்துவிட்டு, குழலின் பின்முனை அறையில் தோட்டா இல்லை என்று விரல் விட்டுப் பார்ப்பதைச் சொல்லவே வேண்டாம்.

இனி, நிஜமாகவே வேறு சைட் மாட்ட விரும்புகிறவர்களுக்கு. பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் நம்பர் 4க்கென்றே பிஎச் 5சி என்ற சைட்டைச் செய்தது. போட்டியில் சுடுகிறவர்கள் பல காலம் இதைத்தான் நம்பினார்கள். மேல்-கீழ், இட-வலம் இரண்டையும் கிளிக் கிளிக்காகத் திருத்தலாம். ரைபிளில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே உட்காரும். வாங்கும்போது நம்பர் 4க்கு உரியதுதானா என்று கேளுங்கள். எஸ்.எம்.எல்.இ.க்கான 5ஏ பார்க்க ஒரே ஜாடை, ஆனால் பொருந்தாது. பொருந்தாததை ராவிப் பொருத்துகிற ஆள் எப்போதும் ஒருவர் இருப்பார்.

இதில் சிறிய துளை போட்டால் குறி கூர்மையாகத் தெரியும் என்று ஆகச்சிறிய துளையை வாங்குவதும் தவறு. வெயிலில் அருமையாக இருக்கும். மேகம் மூடினாலோ, மரநிழலில் அட்டை இருந்தாலோ முன்சைட்டே இருட்டில் கரைந்துவிடும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குச் சிறு துளை உண்மையாகவே உதவும், மறுக்கவில்லை. விரித்துச் சுருக்கும் துளை கிடைத்தால் அதை எடுங்கள். இன்னொன்று, இந்தச் சைட் கண்ணுக்கு இன்னும் நெருங்கி வரும். பின்கட்டை நீளம் பொருந்தாவிட்டால் உதைப்பில் கட்டைவிரல் மூக்கில் வந்து இடிக்கும். பின்கட்டைகள் நான்கு அளவில் வந்தன, பி, எஸ், என், எல் என்று எழுத்து பொறித்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் வித்தியாசம். சைட்டுக்குச் செலவழிக்கும் முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

துளையிட்டு, மரை போட்டு மாட்டும் சைட்டுகள் பற்றி என் கருத்து ஒன்றே: வேண்டாம். 1941 பொறித்த லாங் பிராஞ்ச் அரிது. அதில் துளை விழுந்தால் பாதி விலைகூடத் தேறாது. தொலைநோக்கிக்காக ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாற்றிக்கொடுத்த நம்பர் 4 (டி) ரைபிள்களுக்குப் போலிகள் உலவுவதால், துளை உள்ள எந்த நம்பர் 4ஐப் பார்த்தாலும் வாங்குகிறவர் சந்தேகப்படுகிறார். பழைய ராணுவ ரைபிள்களுக்கென்று நடக்கும் போட்டிகள் பலவற்றில் வழங்கப்பட்ட நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே பார்க்கர்-ஹேலுக்கே இடம் கிடைக்காமல் போகலாம், விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரே குண்டு சுட்டுவிட்டுத் திருகைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, குவியலின் நடுவைப் பார்த்து, அதற்குத்தான் திருத்தம். குழல் சூடேறினால் ஆறவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு, ரைபிளின் வரிசை எண்ணை அதன் மேல் எழுதி வையுங்கள். என்னிடம் அந்த ராவிய தகட்டைத் தவிர மற்ற எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. நாளை இது வேறொருவர் கைக்குப் போகும்போது பையும் கூடவே போகும்.