சீனப் பாட்டில் மோகனம் கேட்டால்… உலக இசையை ஒப்பிடும்போது வரும் சறுக்கல்கள்

சீனப் பாட்டு ஒன்றைக் கேட்டதும் “அட, இது நம்ம மோகனம்தானே!” என்று யாராவது சொல்வார். சொல்லட்டும், தப்பில்லை. ச ரி க ப த என்ற அதே ஐந்து சுரங்கள்தான். ஆனால் அடுத்த மூச்சிலேயே “அப்போ இங்கிருந்துதான் அங்கே போயிருக்கிறது” என்று ஒரு தீர்ப்பு வரும் பாருங்கள், சறுக்கல் அங்கேதான். உலக இசைகளை ஒப்பிட்டு, மனிதனுக்கு இசை எப்படி வந்தது என்று தேடுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது: ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு கொண்டாடிவிடுவது.

ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களில் பலவும் இதே ஐந்து சுரங்களில்தான் ஓடுகின்றன. காரணம் கொஞ்சம் கணக்கு. ஒரு கம்பியை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் பஞ்சமம், அதாவது ப, பிறக்கும். ச-விலிருந்து ப, அதற்குப் பஞ்சமம் ரி, அதற்கு த, அதற்கு க. நான்கே தாவல், மேல் ஸ்தாயிக்கு (ச முதல் அடுத்த ச வரை ஒரு ஸ்தாயி) போனவற்றைக் கீழே இறக்கி வரிசையாக அடுக்கினால் மோகனம் தயார். பழைய சீனர்கள் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தும் கூட்டியும் சுரங்களைக் கண்டது இதே கணக்கில்தான், நம் இசை இலக்கணக்காரர்கள் பேசும் ச-ப முறையும் இதுதான். இதை யாரும் யாரிடமும் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கடன் வாங்கியிருக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை, ஆனால் அதற்கு வணிகம், குடியேற்றம், கருவிகளின் வடிவம், பெயர் என்று தனிச் சாட்சி வேண்டும். ஐந்து சுரம் மட்டும் சாட்சி ஆகாது.

இணையத்தில் வாய்க்கு வந்ததை எழுதுகிறவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள், இந்த ஒப்பீட்டுத் துறையைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டலே இதில் விழுந்தார். 1900-இல் பெர்லினுக்கு வந்த சயாம் (இன்றைய தாய்லாந்து) நாடகக் குழுவின் இசையை ஜெர்மன் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். பெர்லின் ஒலிக் காப்பகம் அப்படித்தான் தொடங்கியது. அதைப் பல ஆண்டுகள் நடத்திய ஹார்ன்போஸ்டல், பசிபிக் கடலின் மெலனீசியத் தீவுகளின் குழல் அடுக்குகளையும் (நீளம் மாறும் குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிய ஊதுகருவி) பிரேசில் பழங்குடிகளின் குழல் அடுக்குகளையும் அளந்து பார்த்து, சுருதிகள் இவ்வளவு ஒத்துப்போவது தற்செயலாக இருக்காது என்று முடிவு கட்டினார். பிறகு அதன்மேல் ஒரு மாளிகையே எழுப்பினார்: மூங்கில் குழாயை ஓங்கி ஊதினால் வரும் சற்றே குறைந்த பஞ்சமம்தான் சீனா முதல் தென் அமெரிக்கா வரை பல சுர வரிசைகளுக்கு மூலம் என்றார். இயல்பான பஞ்சமம் 702 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரிப்பார்கள்), அவர் கணக்கில் 678. 1930-களில் இசையியலாளர் மன்ஃப்ரெட் புகோஃப்ட்சர் இதை மறுத்தார். குழாய்கள் அப்படிச் சொல்லி வைத்தாற்போல ஒரே அளவு காட்டுவதில்லை. என்னைக் கேட்டால், போதுமான அளவு குழல்களை அளந்தால் ஏதாவது இரண்டு எங்காவது ஒத்துப்போகத்தான் செய்யும், ஒத்துப்போகாதவை எத்தனை என்று எண்ணாதவரை அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பே இல்லை.

அளவுகோலிலும் கவனம் வேண்டும். கைப்பேசி ட்யூனர் செயலிகள் பெரும்பாலும் எந்த ஒலியைக் கொடுத்தாலும் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளில் ஒன்றின் பெயரைத்தான் காட்டும். ஜாவாவின் கேமலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவில் ஸ்லென்ட்ரோ என்ற ஐந்து சுர வரிசை இருக்கிறது. ஒவ்வொரு இடைவெளியும் ஏறத்தாழ 240 சென்ட், அதுவும் குழுவுக்குக் குழு மாறும். இதைச் செயலியில் போட்டால் மோகனம் மாதிரி ஏதோ ஒன்று வரும், உடனே மறுபடியும் உறவு கொண்டாடத் தொடங்கிவிடுவோம். அந்த சென்ட் அளவை உருவாக்கிய அலெக்சாண்டர் எல்லிஸ், பல நாட்டுக் கருவிகளை அளந்துவிட்டு 1885-லேயே சொல்லிவிட்டார்: சுர வரிசை ஒன்றல்ல, இயற்கை விதித்ததும் அல்ல.

இந்த “இயற்கை” என்ற சொல்தான் அடுத்த வம்பு. சில சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் இனிமை, சில சேர்ந்தால் கரகரப்பு, இது பிறவியிலேயே காதில் எழுதப்பட்டது என்று ரொம்ப நாளாக நம்பினார்கள். பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் ஆய்வாளர் ஜோஷ் மெக்டர்மட்டின் குழுவினர் இரண்டு வகையையும் ஒலிக்கச் செய்து, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள் (2016-இல் முடிவுகள் வெளியாயின). இரண்டும் அவர்களுக்கு ஒன்றுதான். சிரிப்பு, திகைப்பில் மூச்சிழுப்பது போன்ற குரலொலிகளில் அவர்களுக்கு விருப்பு வெறுப்பு நம்மைப் போலவே இருந்தது, ஆக காதில் கோளாறு இல்லை. சோதனைக்கு எளிதில் கிடைக்கிற கல்லூரி மாணவர்களிடம், அதுவும் பிறந்ததிலிருந்து மேற்கத்திய இசை காதில் விழுந்துகொண்டிருப்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, மனித இனத்துக்கே பொதுவானது என்று எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், தொல்பொருள். தெற்கு ஜெர்மனியின் ஹோல ஃபெல்ஸ் குகையில் 2008-இல் பிணந்தின்னிக் கழுகின் எலும்பில் செய்த, ஐந்து விரல்துளைகள் கொண்ட குழல் கிடைத்தது. வயது 35,000 ஆண்டுகளுக்கு மேல். உடனே “இசை பிறந்து 40,000 ஆண்டு” என்று தலைப்புகள். அது கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று, அவ்வளவுதான். மூங்கில், தோல், மரம் எல்லாம் மக்கிப்போகும், குரலுக்குத் தடயமே கிடையாது. அந்தக் குழல் ஊதப்பட்ட காலத்துக்குள் மனிதர்கள் ஆஸ்திரேலியா வரை போய்விட்டார்கள், அங்கே போனவர்களின் வழிவந்தவர்களும் பாடுகிறார்கள் என்பதை மட்டும் யோசித்தாலே போதும். ஸ்லோவேனியாவில் 1995-இல் கிடைத்த குகைக்கரடி எலும்பை நியாண்டர்தால் (அழிந்துபோன மனித இனம்) புல்லாங்குழல் என்று காட்டுகிறார்கள், அந்தத் துளைகள் விலங்கின் பல்தடமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு எரிச்சலூட்டும் தவறு ஒன்று உண்டு. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ‘அக்கா’ (Aka) என்ற இனத்தவரின் பல்குரல் பாட்டைக் காட்டி “ஆதி மனிதன் இப்படித்தான் பாடினான்” என்பார்கள். வேட்டையாடி வாழ்கிறவர்கள் என்பதால் காலம் அவர்களிடம் நின்றுவிட்டதாக ஒரு நினைப்பு. அவர்கள் பேசுவது பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி, அக்கம்பக்கத்து விவசாயிகளோடு தலைமுறைகளாகக் கொண்ட உறவில் வந்தது. மொழியே மாறியிருக்கிறது, பாட்டு மட்டும் மாறாமல் உறைந்து கிடந்ததா? அவர்களுடைய பாட்டு நம்முடையதைப் போலவே இன்றைய பாட்டு, பின்னால் அதே அளவு வரலாறு இருக்கிறது.

பறவைகளைப் பற்றிச் சுருக்கமாக: குயில் கூவுவதால் இசை நமக்குப் பறவைகளிடமிருந்து வந்துவிடாது. பறவைக்கும் நமக்கும் பொது மூதாதை 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். ஸ்னோபால் என்ற காக்கட்டூ கிளி தாளத்துக்கு ஆடுவதை 2009-இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தபோது, குரலைக் கற்றுப் போலச் செய்யும் உயிர்களுக்குத்தான் இது வரும் என்றார்கள். 2013-இல் ரோனன் என்ற கடற்சிங்கமும் தாளத்துக்குத் தலையாட்டி அதையும் சிக்கலாக்கியது. கடற்சிங்கம் குரலைப் போலச் செய்வதில் பேர் போனதில்லை.

கடைசியாக, “எங்கும் இருக்கிறது, ஆகவே மரபணுவில் இருக்கிறது” என்ற தாவல். இசை எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது, சரி. ஆனால் 2015-இல் பாட்ரிக் சாவேஜும் உடன் இருந்தவர்களும் உலகெங்குமிருந்து 304 பதிவுகளை ஒப்பிட்டபோது, விதிவிலக்கே இல்லாத கூறு ஒன்றுகூட அகப்படவில்லை. பெரும்பாலும் காணப்படுபவைதான் கிடைத்தன. இசையையும் மூளையையும் ஆராயும் அனிருத் பட்டேல் கேட்டதும் நியாயமான கேள்வி: தீ மூட்டுவதும்தான் எல்லா மனிதரிடமும் இருக்கிறது, அதற்கு மரபணுவா காரணம்? 2025-இல் வந்த ஒரு கள ஆய்வு இந்தக் கேள்விக்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து வலு சேர்த்தது. பராகுவேயின் வடக்கு அச்சே மக்களிடம் நடனமும் இல்லை, தாலாட்டும் இல்லை. அழுகிற குழந்தையைப் பேச்சுக் கொடுத்தும் முகத்தைக் கோணிக் காட்டியும் சமாதானப்படுத்துகிறார்கள். மக்கள்தொகை சுருங்கிய ஏதோ ஒரு காலத்தில் இரண்டும் விட்டுப்போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதே மக்கள் புதிதாகத் தீ மூட்டும் முறையையும் இழந்திருந்தார்கள்.