ரியோகானுக்கு ராத்திரி எட்டரைக்குப் போய் இறங்காதீர்கள்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜோடி ஜப்பானைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். தூரத்துச் சொந்தம். வருவதற்கு முன்பே எக்செல் ஷீட் ஒன்றை அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான் அந்தப் பையன். ஐந்தாம் நாள் கட்டத்தைப் பார்த்தேன். காலையில் கியோத்தோவில் கிளம்பி, மதியம் ஹகோனே என்கிற மலை ஊரில் ரோப்வே, அப்புறம் ஆஷி ஏரியில் கப்பல், சாயங்காலம் கோத்தெம்பா அவுட்லெட்டில் ஷாப்பிங், கடைசி வரியில் "இரவு 8.30 – ரியோகான் செக்-இன்". (ரியோகான் என்றால் ஜப்பானியப் பாரம்பரிய விடுதி.) எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட திட்டம், அந்த அவுட்லெட் ஒன்றைத் தவிர, அச்சு அசலாக இதேதான்.

விடுதியின் சுடுநீர்க் குளத்தில் இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், நீச்சல் உடை கூடாது, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், இதெல்லாம் எல்லா யூடியூப் வீடியோவிலும் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. நானே காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

லேட்டாகப் போவது

ரியோகான் புக் செய்யும்போது ஜப்பானியப் பக்கத்தில் 'இப்பாகு நிஷோகு' என்று ஒரு வார்த்தை வரும். ஒரு ராத்திரி, இரண்டு சாப்பாடு. நீங்கள் கொடுக்கிற காசு இதற்குத்தான். நாம் பழகின கணக்கு வேறு: ரூம் வாடகை தனி, சாப்பாடு தனி, எப்போது போனாலும் கட்டில் காத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான ரியோகானில் கட்டிலே கிடையாது. மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை பத்து மணிக்கு முடிகிற பத்தொன்பது மணிநேர நிகழ்ச்சி அது, டிக்கெட் வாங்கிக்கொண்டு இடைவேளைக்கு அப்புறம் தியேட்டருக்குள் நுழைந்தால் படத்தை முதலிலிருந்து போடமாட்டார்கள்.

நான் அப்படித்தான் நுழைந்தேன். கல்யாணமாகி முதல் வருஷம், ஹகோனேயில் கோராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரியோகான். தலைக்கு 28,000 யென், இரண்டு பேருக்கு 56,000. அன்றைய சம்பளத்துக்கு அது பெரிய தொகை. போகிற வழியில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஏரிக்கரையில் நிற்கும்போது பலத்த காற்று, ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். (வழியில் இருக்கிற ஓவாகுதானியில் எரிமலை வாயு அதிகமானாலும் நிறுத்துவார்கள், அங்கே இது சாதாரணம்.) மாற்றுப் பஸ்ஸுக்கு நீண்ட வரிசை. பஸ் ஏறினால் மலைப்பாதை முழுக்க வண்டிகள். சரி, ரூம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் ஒகாமி, அதாவது விடுதியை நடத்துகிற அம்மா, கிமோனோவில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் மோசம். ஆறரையிலிருந்து மூன்று தடவை எனக்குப் போன் செய்திருக்கிறார். புக்கிங்கில் நான் கொடுத்திருந்தது ஊர் நம்பர், அந்த சிம் வீட்டில் டப்பாவுக்குள் கிடந்தது.

எங்களுக்கான மேஜை அப்படியே இருந்தது. தூரிகையால் எழுதின மெனுத் தாள், சின்ன இரும்புச் சட்டி, அதன் அடியில் கொளுத்தாத நீல நிற எரிபொருள் வில்லை. சாப்பாடு மட்டும் இல்லை. கடைசியாக உட்கார வேண்டிய நேரம் ஏழு மணி என்று புக்கிங் மெயிலில் தெளிவாக இருந்ததை அப்புறம் படித்துப் பார்த்தேன். சமையல்காரர் கிளம்பிவிட்டார். ஒகாமியே உள்ளே போய் ஆளுக்கு இரண்டு சோற்று உருண்டையும் ஊறுகாய் முள்ளங்கியும் கொண்டுவந்து வைத்து, பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். தப்பு செய்தது நான், மன்னிப்புக் கேட்டது அவர். அந்த உருண்டையைத் தின்றுகொண்டே மெனுத் தாளைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். ஒன்பது அயிட்டம். என் மனைவி இன்றைக்கும், நான் எங்கேயாவது தாமதித்தால், "முள்ளங்கி" என்று ஒரே வார்த்தைதான் சொல்வாள்.

ஏன் எடுத்து வைக்க முடியாது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரியோகானில் போடுகிற கைசெகி சாப்பாடு நம்ம ஊர் பந்தி மாதிரி ஒரே இலையில் வந்து விழுவதில்லை. ஒவ்வொன்றாக வரும்: தொடக்கத்துக்குச் சின்னதாக ஒன்று, பச்சை மீன் துண்டுகள், சுட்டது, வேகவைத்தது, பொரித்தது, கடைசியில் சோறும் மிசோ சூப்பும், பிறகு பழம். ஒரு தட்டு முடிகிற சமயத்துக்கு அடுத்தது அடுப்பிலிருந்து இறங்க வேண்டும். எத்தனை தலை என்று எண்ணித்தான் மீனே வாங்குவார்கள். அதே சின்னக் கூட்டம்தான் பாத்திரம் கழுவி, அறைக்கு வந்து தரையில் ஃபுத்தோன் மெத்தை விரித்து, விடியற்காலையில் எழுந்து காலைச் சாப்பாட்டையும் செய்ய வேண்டும். ஒரு ஜோடிக்காக இரண்டு மணிநேரம் எல்லோரும் காத்திருந்தால் மறுநாள் காலை எல்லோருக்கும் கெட்டுவிடும். அந்த மலையில் வெளியே போய்ச் சாப்பிடலாம் என்பதும் கனவு, பெரும்பாலான கடைகள் இருட்டுவதற்குள் கதவைச் சாத்திவிடும்.

சாப்பாடு போனது பாதி நஷ்டம்தான். மூன்று மணிக்குப் போயிருந்தால் டீயும், மேஜை மேல் ஒரு சின்ன இனிப்பும் இருந்திருக்கும். வெறும் வயிற்றில் சுடுநீரில் இறங்கித் தலை சுற்றக் கூடாது என்றுதான் அந்த இனிப்பை வைக்கிறார்கள் என்று சொல்வார்கள். நாலு மணிக்குக் குளம் காலியாக இருக்கும், வெளிச்சம் இருக்கும், மலை தெரியும். ஆறரைக்குச் சாப்பாடு. சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அறையில் படுக்கை விரிந்திருக்கும். ஒன்பதரைக்கு இன்னொரு குளியல், காலையில் எழுந்ததும் ஒன்று. மூன்று குளியல், இரண்டு சாப்பாடு. எனக்குக் கிடைத்தது ராத்திரி பத்து மணிக்குக் கும்மிருட்டில் ஒரு குளியலும் நாலு சோற்று உருண்டையும். 56,000 யென்.

எனவே கணக்கை ரியோகானிலிருந்து பின்னால் போடுங்கள். மூன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு எங்கே ரயில் ஏற வேண்டும்? கியோத்தோவிலிருந்து ஹகோனே வருகிறவர்கள் ஒதவாராவில் இறங்க வேண்டும், ஆனால் ஷின்கான்சென் புல்லட் ரயில்களில் நொசோமி என்கிற வண்டி அங்கே நிற்காது. கொதாமா நிற்கும், ஹிகாரியில் சில மட்டும் நிற்கும். இது தெரியாமல் வேகமான வண்டி என்று நொசோமியில் ஏறி, ஒதவாரா ஜன்னலுக்கு வெளியே ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஷின்-யொகோஹாமா வரை போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். (நான் இல்லை. இது நிஜமாகவே நான் இல்லை.) ஒதவாராவிலிருந்து ஹகோனே-யுமோத்தோவுக்குக் கால் மணிநேரம், அங்கிருந்து கோராவுக்கு மலை ரயிலில் நாற்பது நிமிஷம். தூரம் என்னவோ 9 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் செங்குத்தான மலை, நடுவில் மூன்று இடத்தில் நின்று, டிரைவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய், வண்டி திசை மாறி ஏறும். கூகுள் மேப்பில் தூரத்தைப் பார்த்துவிட்டு "பக்கம்தானே" என்று நினைக்காதீர்கள்.

ரோப்வேயும் கப்பலும் மறுநாள். பத்து மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டால் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். எப்படியும் ரோப்வேயும் கப்பலும் சாயங்காலத்தோடு நின்றுவிடும், அதற்கப்புறம் ஹகோனேயில் வெளியே பார்க்க ஒன்றுமில்லை.

வேறு வழியே இல்லை, ராத்திரிதான் போவீர்கள் என்றால் 'சுதோமாரி' என்று கேட்டு புக் செய்யுங்கள், சாப்பாடு இல்லாத தங்கல், விலையும் குறைவு. வழியில் மாட்டிக்கொண்டால், மாட்டிக்கொண்டது தெரிந்த நிமிஷமே போன் செய்யுங்கள். நாலரைக்கு அந்த வரிசையில் நின்றபோதே நான் போன் செய்திருந்தால் ஒகாமி எதையாவது முன்னே பின்னே தள்ளி வைத்திருப்பார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

"நாங்க சைவம்" என்று மேஜையில் உட்கார்ந்து சொல்வது

அதற்குள் மீன் வெட்டியாகிவிட்டது. புக் செய்யும்போதே சொல்ல வேண்டும், அதையும் 'வெஜிடேரியன்' என்று ஒரே வார்த்தையில் சொன்னால் போதாது. இறைச்சி இல்லை என்று புரிந்துகொண்டு, காய்கறியை மீன் சாற்றில் வேகவைத்துக் கொடுப்பார்கள். ஜப்பானிய சமையலில் தாஷி என்கிற சாறு, நம்ம ஊரில் புளித்தண்ணீர் மாதிரி, எதற்கும் அடியில் இருக்கும். பெரும்பாலும் உலர்த்திச் சீவிய கத்சுவோ மீனிலிருந்து எடுத்தது. மிசோ சூப், வேகவைத்த பூசணி, தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் அது இருக்கும். 'மீன் வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம், கொம்பு என்கிற கடற்பாசியில் எடுத்த தாஷி சரி' என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். நிறைய இடங்களில் "மன்னிக்கவும், எங்களால் முடியாது" என்று பதில் வரும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பொய் சொல்லி மீன் சாறு கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முழுச் சைவம் என்றால் நான் கோயாசானுக்கு அனுப்பிவிடுவேன். வகாயாமா பகுதியில் இருக்கிற அந்த மலை ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்கள் தங்க இடம் கொடுக்கின்றன, சாப்பாடு ஷோஜின் ரியோரி என்கிற பௌத்தத் துறவிகளின் சைவச் சமையல், மீனும் கிடையாது இறைச்சியும் கிடையாது, மரபுப்படி பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. என் மாமியார் ஜப்பானில் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே இடம் அதுதான். ஹகோனே மாதிரி ஒன்சென், அதாவது சுடுநீர் ஊற்று, ஊர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளியோடு இறங்குவது

மெட்டி, கொலுசு, அரைஞாண் கொடி. இதை ஜப்பானியர் எழுதின எந்தக் குறிப்பிலும் பார்க்க முடியாது, அவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கந்தக நீரில் வெள்ளி கறுத்துப்போகும். குசாத்சு என்கிற சுடுநீர் ஊரில் என் மாமனார் இடுப்பில் பளபளவென்று இறங்கின கொடி, பதினைந்து நிமிஷத்தில் இரும்புக் கம்பி மாதிரி வெளியே வந்தது. அவர் முதலில் அதைக் கவனிக்கவில்லை, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். குசாத்சு நீர் கடும் அமிலம் வேறு, எலுமிச்சைச் சாறு அளவுக்கு. முழுகின ஊர்க்காரர்கள் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றாமல் அப்படியே துடைத்துக்கொண்டு போவார்கள், நம் தோல் லேசாக எரிந்தாலும் ஊற்றிக்கொண்டு வாருங்கள், யாரும் திட்டமாட்டார்கள். மெட்டி கழற்ற வராது என்றால் கந்தகம் இல்லாத ஊராகப் பார்த்துப் போகலாம், கினொசாகி மாதிரி. யுகாத்தா என்கிற பருத்தி அங்கியும் மரச்செருப்புமாகப் பொதுக் குளியலறை ஒவ்வொன்றுக்கும் தெருவில் நடந்து போகிற ஊர் அது.

விலையை அறைக்கு என்று படிப்பது

தலைக்கு. போதாததற்குக் குளியல் வரி என்று தலைக்கு வழக்கமாக 150 யென், அங்கேயே கேட்பார்கள்.

பெரிய பெட்டி

சக்கரத்தைத் தத்தாமி பாயில் உருட்டினால் பாய் கிழியும். படம் மாட்டி, பூ வைத்திருக்கிற அந்த மேடை மாதிரி மூலை பெட்டி வைக்கிற இடம் இல்லை. பெரியதைத் தக்யுபின் கூரியரில் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு ஒரு தோள்பையோடு போங்கள்.

சாக்கே (அரிசி மது) குடித்துவிட்டுக் குளத்தில் இறங்குவது

வேண்டாம்.

யுகாத்தா

இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் பிணத்துக்குக் கட்டுகிற கட்டு.

காலையில் குளியலறை வாசல் திரையைப் பார்க்காமல் நுழைவது

நேற்று ராத்திரி எந்தப் பக்கம் போனோமோ அதே பக்கம் என்று தூக்கக் கலக்கத்தில் போகக் கூடாது. பல ரியோகான்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், இரண்டு குளத்தையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று. திரையின் நிறத்தை நம்பாதீர்கள், நீலம் ஆண் சிவப்பு பெண் என்பது எல்லா இடத்திலும் சரியாக வராது. எழுத்தைப் பாருங்கள். மேல்பாதியில் நாலு கட்டம் போட்ட சதுரம் இருந்தால் ஆண்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு விடியற்காலை ஐந்தரைக்கு. நல்லவேளை, உடை மாற்றும் அறை தாண்டவில்லை, உள்ளே கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் மட்டும் இருந்தார். அவர் கத்தவில்லை. என் இரண்டு தோளையும் பிடித்து, அப்படியே திருப்பி, வெளியே விட்டுவிட்டுப் போனார்.